'பச்சை வாடை'யா, 'வழைச்சு' என்பதா?

சான் ஓசே, திங்கள் இரவு

அன்புடையீர்,

வரும் சனிக்கிழமை எங்கள் வீட்டில் பன்னிரண்டு பேர் கூடி, வீட்டில் ஆக்கிய பீரைச் சுவைத்துக் குறிப்பெழுதப் பழகப் போகிறோம். அமெரிக்காவில் 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பெரியவர் இருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 காலன் வரை சொந்தத் தேவைக்கு வரியின்றி ஆக்கிக்கொள்ளலாம் என்பதால், இங்கே இது பரவலான பொழுதுபோக்கு. சுவைப்புத் தாளைத் தமிழிலேயே அச்சிட விரும்புகிறேன். அம்மாவின் அடுக்களையில் பழகிய மூக்குக்கு அந்த அடுக்களையின் சொற்களே விரைவில் கைகொடுக்கும் என்பது என் நம்பிக்கை. நொதிக்கும்போது உண்டாகும் டைஅசிட்டைல் என்ற பொருளுக்கு வெண்ணெய் வாடை, கோதுமை பீரில் ஈஸ்ட் தருவதற்கு வாழைப்பழ மணம், கிராம்பு மணம் என்று பலவும் எளிதாக அமைந்துவிட்டன.

ஒன்றில் மட்டும் தடுக்கி நிற்கிறேன். ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும் வழியில் அசிட்டால்டிஹைடு என்ற இடைப்பொருள் உண்டாகிறது. பொறுத்திருந்தால் ஈஸ்டே அதையும் மாற்றிவிடும். அவசரப்பட்டால் அது பீரிலேயே தங்கிவிடும். என் முதல் 19 லிட்டரை, நுரை அடங்கியதைப் பார்த்து முடிந்துவிட்டதென்று எண்ணி, ஆறாம் நாளே புட்டிகளில் அடைத்தேன். அடர்த்திமானி 1.050-இலிருந்து 1.018-க்குத்தான் இறங்கியிருந்தது. அதாவது சர்க்கரை இன்னும் மிச்சமிருந்தது, அடைத்த புட்டிக்குள்ளும் நொதித்து வாயு எழும். புட்டிகள் வெடிக்காமல் தப்பியது நல்லூழ். திறந்தபோது, நறுக்கிய பச்சை ஆப்பிளின் மணமும், அதன் அடியில் பூசணிக்காயை அரியும்போது எழும் ஈரவாடையும் வந்தன. இந்தக் குறைக்கு ஒரு சொல் வேண்டும். வியாழன் இரவு தாள் அச்சுக்குப் போகிறது.

*

கோயம்புத்தூர், செவ்வாய்

சொல் உங்கள் கையிலேயே இருக்கிறது. இஞ்சி பூண்டு விழுதைப் பச்சை வாடை போக வதக்க வேண்டும் என்கிறோம். கொதி போதாத சாம்பாரை முகர்ந்தவுடன் 'இன்னும் பச்சை வாடை அடிக்கிறது' என்கிறோம். வேலை முடியவில்லை, இன்னும் சிறிது நேரம் விடு என்ற கட்டளையும் அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. நீங்கள் தேடுவதும் அதுதானே? விளக்கம் கேட்காமலே பன்னிரண்டு பேருக்கும் புரியும் சொல்லை விட்டுவிட்டு வேறெங்கும் போக வேண்டாம்.

*

தஞ்சாவூர், செவ்வாய் இரவு

அம்மையார் சொன்னதை மதிக்கிறேன். ஆனால் இந்தப் பொருளுக்கென்றே பிறந்த சொல் தமிழில் உண்டு என்பதை அவை முன் வைக்காமல் இருக்க முடியவில்லை. சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பைப் பாடுமிடத்தில், கடியலூர் உருத்திரங்கண்ணனார் அரிசிக் கள் ஆக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறார். அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாயுடைய பிழாவில் இட்டு ஆற்றி, அதில் நல்லடையைக் கலக்கிறார்கள். நல்லடையை உரைகாரர் நெல்முளை என்பர். முளைகட்டிய தானியம், ஆறிய கூழ், காலக்கணக்கு ஆகிய மூன்றும் உங்கள் பீர்க் கலையில் உள்ளவையே. பிறகு வருவதைக் கவனியுங்கள்:

எல்லையும் இரவும் இருமுறை கழிப்பி
வல்வாய்ச் சாடியின் வழைச்சு அற விளைந்த

இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிந்து, வலிய வாயுடைய சாடியில் 'வழைச்சு அற' விளைந்த கள். வழைச்சு என்பது இளமை, முற்றாத பச்சைத்தன்மை. அது அறும் வரை காத்திருந்தார்கள். இதே நூல், மறவர் பருகியதை 'இல்லடு கள்ளின் தோப்பி' என்கிறது. தோப்பி என்பது நெல்லால் ஆக்கிய கள். வீட்டில் ஆக்கிய மதுவுக்கு 'இல்லடு' என்ற அடைமொழியே இருக்கும்போது, அதன் குறைக்குக் குழம்பின் வாடையைக் கடன் வாங்குவானேன்? பொதுச்சொல் பல இடங்களுக்கும் போகும். கலைச்சொல் தன் பொருளை விட்டு நகரக் கூடாது.

*

டொராண்டோ, புதன்

ஐயா காட்டிய சொல் என்னை உறங்கவிடவில்லை. மிஞ்சு விஞ்சு என வருவது போல மகரமும் வகரமும் தமிழில் மயங்கும் அல்லவா? அவ்வாறாயின் வழைச்சின் வேர், இளமையைக் குறிக்கும் 'மழ' ஆகலாம். மழலை, மழவிடை எல்லாம் அந்தக் குடும்பமே. இளந்தேங்காயின் 'வழுக்கை'யையும் உடன் வைத்துப் பார்க்கிறேன். முற்றாதது, வழுவழுப்பது, நீர் கோத்தது ஆகிய மூன்று பொருளும் அதில் ஒருங்கே நிற்கின்றன. 'வழை' என்று சுரபுன்னைக்கும் பெயர் உண்டு. அதை இதனோடு சேர்ப்பதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. யாப்பிலும் பேச்சிலும் வேறு சான்று கிடைத்தால் அன்பர்கள் அனுப்ப வேண்டுகிறேன். வியாழனுக்குள் இது முடியாது என்பதை அறிவேன்.

*

சென்னை, புதன் மாலை

வேதியியல் கற்பிப்பவன் என்ற முறையில் இரண்டு தடைகளைச் சொல்ல வேண்டும்.

முதலாவது 'பச்சை வாடை'க்கு. பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் என்ற பூ பழுதானாலோ, அதை மிகுதியாக, நெடுநேரம் ஊறவிட்டாலோ பீரில் அறுத்த புல்லின் வாடை வரும். தமிழ் மூக்கு அதையும் பச்சை வாடை என்றே சொல்லும். தாளில் இரண்டும் அடுத்தடுத்து வந்தால் குறிப்பெழுதுபவர் குழம்புவார். இரண்டாவது 'வழைச்சு'க்கு. நன்றாக முதிர்ந்த பீரிலும் காற்றுப் பட்டால் ஆல்கஹால் ஆக்சிஜனேற்றமடைந்து மீண்டும் அசிட்டால்டிஹைடு ஆகலாம். அந்தப் பழைய பீரை இளமை என்று பொருள்படும் சொல்லால் குறித்தால், செய்தவர் காலம் போதவில்லை என்று எண்ணி மேலும் காத்திருந்து மேலும் கெடுப்பார். நாவில் பட்டதை மட்டும் சொல்லிக் காரணத்தைச் சொல்லாத பெயரே சுவைப்புத் தாளுக்கு ஏற்றது. ஆகவே 'பச்சை ஆப்பிள் வாடை' என்று வெளிப்படையாக எழுதிவிடலாம்.

*

கோயம்புத்தூர், புதன் இரவு

ஆப்பிளைக் கடித்த பிறகுதான் அந்தப் பெயர் புரியும். என் தாயார் ஆப்பிளைக் கண்டதே நாற்பது வயதுக்கு மேல். பச்சை வாடையை ஆறு வயதில் அறிவார். ஹாப்ஸுடையதைப் 'புல் வாடை' என்று பிரித்து எழுதினால் குழப்பம் தீர்ந்தது.

*

சான் ஓசே, வியாழன் மாலை

அனைவருக்கும் நன்றி. தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்து, ஐந்து பேர் 'பச்சை வாடை' பக்கம் நிற்கிறார்கள். தாளில் அதையே இட்டு, 'பச்சை ஆப்பிள், பூசணிக்காய்' என்று கீழே சிறிய எழுத்தில் விளக்கம் தருகிறேன். ஹாப்ஸுக்குப் புல் வாடை. வேதியியல் ஆசிரியரின் இரண்டாவது எச்சரிக்கையை வகுப்பில் வாய்மொழியாகச் சொல்லிவிடுவேன். இன்னும் ஒரு மணி நேரத்தில் அச்சுக்குப் போகிறது.

*

தஞ்சாவூர், வியாழன் மாலை

முடிவை ஏற்கிறேன், உடன்படவில்லை. வாடைக்குப் பெயர் எதுவாயினும் ஆகட்டும். நொதிப்பு அடங்கிய பிறகும், அந்த வாடை நீங்கும் வரை பீரை ஈஸ்டோடு விட்டுவைக்கும் நாட்கள் இருக்கின்றனவே, அந்தச் செயலுக்கு உங்கள் தாளில் என்ன பெயர்? 'பதப்படுத்தல்' என்று எழுதியிருந்தால் அது ஊறுகாய்க்கும் தோலுக்கும் உரிய சொல். 'வழைச்சறுத்தல்' என்று அந்த ஒரு கட்டத்திலாவது இட முடியுமா என்று பாருங்கள். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள்.