88ஆம் சங்கீதத்தோடு நிறுத்தலாமா?

விளக்குத்திரி:
பிள்ளையைப் பறிகொடுத்து நான்காம் நாள். பார்க்க வந்தவர் "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது" என்கிற ரோமர் 8:28ஐ வாசித்தார். அந்தத் தாய் ஒன்றும் சொல்லவில்லை, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கூட வந்திருந்த வயதான அம்மா சங்கீதம் 88ஐ எடுத்து, 18 வசனத்தையும் மெதுவாக வாசித்தார். விளக்கம் இல்லை, ஜெபம்கூட இல்லை. தாய் திரும்பிப் பார்த்து, "இன்னொரு தடவை படிங்கம்மா" என்றார். அந்த முகம் திரும்பிய விதம் கண்ணிலேயே நிற்கிறது.

பயணி:
மன்னிக்கவும், இதை ஏற்க முடியவில்லை. "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று முடிகிற சங்கீதம் அது. எபிரெயத்தில் கடைசிச் சொல்லே இருள்தான். அப்படியே விட்டுவிட்டு எழுந்து வரலாமா? கர்த்தருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை என்கிற புலம்பல் 3:22-23ஐயாவது சேர்த்திருக்க வேண்டும்.

மாலைமணி:
பயணி, புலம்பலின் அமைப்பைப் பாருங்கள். 1, 2, 4, 5 அதிகாரங்களில் 22 வசனங்கள், மூன்றாவதில் மட்டும் 66. "அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்பது புத்தகத்தின் நடுவில் வருகிறது. அதற்கு முன்பு இரண்டு அதிகார அழுகை, பின்பும் இரண்டு. நம்பிக்கையைச் சொன்ன பிறகும் அழ இடம் விட்டிருக்கிறார்கள். கத்தோலிக்கர்கள் வேளைதோறும் செபிக்கும் திருப்புகழ்மாலையில் வெள்ளிக்கிழமை இரவுச் செபத்துக்கு உரியதே திருப்பாடல் 88தான், அதாவது இதே சங்கீதம். குழந்தை இயேசுவைக் கையில் ஏந்தி, சமாதானத்தோடே போகவிடும் என்று பாடிய சிமியோனின் பாடல் அதன்பிறகுதான் வரும். அந்த வரிசையை மாற்றுவதால்தான் ஆறுதல் குத்தலாகிறது.

கிணற்றடி:
யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஜெபிக்க வாய் வராதவர்களுக்கு 88 கனமானது. சங்கீதம் 13இல் தொடங்குங்கள், ஆறே வசனம். சத்தமாக வாசிக்க வேண்டும். மனதுக்குள் வாசித்தால் கண் ஓடிவிடும், நெஞ்சு பின்தங்கிவிடும். முதல் இரண்டு வசனங்களில் "எதுவரைக்கும்" நான்கு முறை வரும். ஒவ்வொன்றிலும் நின்று, சொந்த வேதனையைப் பெயர் சொல்லி வையுங்கள்: எதுவரைக்கும் இந்த வலி, எதுவரைக்கும் இந்தக் கடன். மூன்றாம் வசனத்தில் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். 5ஆம் வசனத்தின் "நம்பிக்கையாயிருக்கிறேன்" வாயில் வரவில்லையா, நான்கோடு நிறுத்திவிட்டு மறுநாள் மறுபடி முதலிலிருந்து. பலர் தவறுவது இங்கேதான். துதிக்குச் சீக்கிரம் போய்விட வேண்டும் என்று தாவுகிறார்கள், அது பொய்யாய்ப் படுகிறது, ஜெபத்தையே விட்டுவிடுகிறார்கள்.

அதற்கும் தெம்பில்லாத நாளில், மூச்சை இழுக்கும்போது "கர்த்தராகிய இயேசுவே", விடும்போது "எனக்கு இரங்கும்". பத்து மூச்சு போதும்.

போய்ப் பார்ப்பவர்களுக்கு ஒன்று: கட்டிலருகே நிற்காதீர்கள், உட்காருங்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை சரியாகத்தான் செய்தார்கள், வாய் திறந்த பிறகுதான் கெட்டது. உங்களைப்பற்றிய என் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று தேவன் சொல்லும் எரேமியா 29:11ஐ எடுக்குமுன் 10ஆம் வசனத்தைப் பாருங்கள், பாபிலோன் சிறையிருப்பு முடிய எழுபது வருஷம் என்று அதில் இருக்கிறது. நாளைக்கே எல்லாம் மாறும் என்ற வாக்குறுதியாக அதைக் கொடுத்தால், மாறாதபோது அவர்கள் சந்தேகப்படுவது உங்களை அல்ல, தேவனை.

அடை_தண்ணீர்:
1 இராஜாக்கள் 19ஐ யாரும் தொடவில்லையே. சூரைச்செடியின் கீழ் எலியா "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறான். தூதன் கண்டிக்கவில்லை. "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்கிறான். தழலில் சுட்ட அடை, தண்ணீர், மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு. தேவன் பேசிய மெல்லிய சத்தம் கேட்டது அதற்கப்புறம், நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகு.

ஆகவே ஒருவர் சாக வேண்டும் என்று சொன்னால் அதை விசுவாசக் குறைவாக எடுக்காதீர்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டார், தூங்கினார் என்று கேளுங்கள். சாவதைப் பற்றி யோசித்து வைத்திருக்கிறாரா என்றும் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். வழியில் ஜெபிக்கலாம்.