பட்டாதார் பாஸ்புத்தகத்தில் முதல்வர் படம் எதற்கு?

நகரி வாசகர்:
வணக்கம். சித்தூர்ப் பக்கம் நிலம் வைத்திருக்கும் தமிழர்களுக்கு இந்த விஷயம் நன்றாகத் தெரிந்திருக்கும். 2020 டிசம்பரில் ஆந்திராவில் தொடங்கிய நில மறு அளவைக்குப் பின் வழங்கப்பட்ட நில உரிமைப் பாஸ்புத்தகத்தின் மேலட்டையில் அன்றைய முதல்வர் ஜெகன்மோகன் ரெட்டியின் படம் இருந்தது. வரப்போரம் நட்ட சர்வே கற்களிலும் ‘ஜெகனண்ணா’ என்று பொறித்திருந்தார்கள். 2024இல் ஆட்சி மாறியதும், படத்தை நீக்கி அரசு முத்திரையோடு புதிய புத்தகம் தருவதென்று சந்திரபாபு நாயுடு அரசு முடிவு செய்தது. தாத்தா காலத்திலிருந்து உழுது வரும் நிலத்தின் ஆவணத்தில், ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாறக்கூடிய ஒருவரின் முகம் எதற்கு? தலைவர்களின் சுயவிளம்பரத்துக்குச் சட்டத்தில் வரம்பே கிடையாதா?

திருத்தணி வாசகர்:
வரம்பு ஒன்று வந்தது, ஓராண்டுக்குள் தளர்ந்தும் போனது. 2015 மே மாதம் உச்ச நீதிமன்றம், அரசு விளம்பரங்களில் குடியரசுத் தலைவர், பிரதமர், இந்தியத் தலைமை நீதிபதி ஆகிய மூவரின் படங்கள் மட்டுமே இடம்பெறலாம் என்றது. அரசுகள் மறுஆய்வு கோரிப் போனதால், 2016 மார்ச்சில் முதல்வர்கள், ஆளுநர்கள், அமைச்சர்கள் படங்களுக்கும் அனுமதி கிடைத்துவிட்டது. எங்கள் மாநிலத்தில் ‘உங்களுடன் ஸ்டாலின்’ வழக்கில், உயிரோடு இருக்கும் தலைவர்களின் பெயரைப் புதிய திட்டங்களுக்கு வைக்கக் கூடாதென்று சென்னை உயர் நீதிமன்றம் இட்ட தடையை, 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் நீக்கியதோடு, வழக்குத் தொடுத்த அ.தி.மு.க. எம்.பி.க்குப் பத்து லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. எல்லாக் கட்சிகளும் செய்வதை ஒருவர் மீது மட்டும் குற்றமாக்க முடியாது என்பதே அங்கு எடுபட்ட வாதம். அம்மா உணவகம், அம்மா உப்பு, அம்மா குடிநீர் என்று பத்தாண்டுக்கு முன் பார்த்தவர்களுக்கு அந்த வாதத்தின் நியாயம் புரியும்; ஆனால் அதனால் வழக்கம் சரியாகிவிடாது.

குப்பம் வாசகர்:
ஐயா, நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். தன்னை முன்னிறுத்தாமல் அரசியல் செய்ய முடியாது. 1982 மார்ச்சில் தெலுங்கு தேசம் கட்சி தொடங்கிய நடிகர் என்.டி.ஆர்., செவ்ரோலே வேனை ‘சைதன்ய ரதம்’ என்ற பிரசார வண்டியாக்கி ஊர் ஊராகச் சுற்றி, 1983 ஜனவரியில் முதல்வரானார். கூலி வேலைக்குப் போகும் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு, திட்டத்தை யார் தந்தார் என்று தெரிந்தால்தான் நாளை அது நின்றுபோகும்போது யாரைக் கேட்பது என்றும் தெரியும்.

பாலக்காடு வாசகர்:
குப்பம் நண்பர் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் என்.டி.ஆரின் வேனைப் பார்க்க மக்கள் தாமாக வந்து கூடினார்கள். பாஸ்புத்தகத்தை வேண்டாம் என்று சொல்ல விவசாயிக்கு வழி உண்டா? கொரோனா தடுப்பூசிச் சான்றிதழில் பிரதமர் படம் வேண்டாம் என்று ஒருவர் வழக்குப் போட்டபோது, கேரள உயர் நீதிமன்றம் 2021 டிசம்பரில் அதைத் தள்ளுபடி செய்து ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. நீதிமன்றத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதற்காகச் சொல்கிறேன். அரசே மறுத்ததற்கும் இங்கு முன்னுதாரணம் உண்டு. வீடில்லாதவர்களுக்குக் கேரள அரசு கட்டித்தரும் லைஃப் திட்ட வீடுகளில் மத்திய அரசின் திட்டப் பலகையை வைக்கச் சொன்னபோது, அங்கே குடியிருப்பவர்களின் தன்மானத்துக்கு அது இழுக்கு என்று கேரள அரசு ஒப்பவில்லை. வீட்டுச் சுவரில் எது இருக்கலாம் என்பதை அந்த வீட்டுக்காரர்தான் முடிவு செய்ய வேண்டும். நிலத்துக்கும் அதுதான்.

நகரி வாசகர்:
அனைவருக்கும் நன்றி. அரசு விளம்பரத்துக்கான விதியை உரிமை ஆவணங்களுக்கும் நீட்டி, பட்டா, ரேஷன் கார்டு, சான்றிதழ் எதிலும் அரசு முத்திரை மட்டுமே இருக்க வேண்டும் என்று சட்டமன்றத்தில் சட்டமாகவே கொண்டுவரும்படி, எங்கள் மண்டல அலுவலகத்தில் மனு கொடுக்கப் போகிறேன். இப்போது ஆள்பவர்களையும் அது கட்டுப்படுத்த வேண்டும். திருத்தணி நண்பர் அந்த 2015 தீர்ப்பின் விவரங்களைத் தந்தால், தெலுங்கில் எழுதும்போது சேர்த்துக்கொள்வேன்.