பாடல் பதிவுகளைச் சுற்றிய வதந்திகள்: உறுப்பினர் அனுபவங்கள்

விடுதிவாசி:
ஆங்கிலப் பாடகர் ஃபில் காலின்ஸின் ‘இன் தி ஏர் டுநைட்’ பாட்டைச் சுற்றிய கதை உங்கள் எல்லாருக்கும் தெரிந்ததே. கல்லூரி விடுதியில் மூத்த மாணவர் ஒருவர் விளக்கை அணைத்துவிட்டுப் பாடலை ஓடவிட்டார். நீரில் மூழ்கியவனைக் காப்பாற்றாமல் வேடிக்கை பார்த்த ஒருவனைக் காலின்ஸ் தேடிப்பிடித்து, கச்சேரிக்கு வரவழைத்து, முன்வரிசையில் உட்காரவைத்துப் பாடினார் என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே வந்தார். மூன்றரை நிமிடம் கடந்து அந்த டிரம்ஸ் இறங்கிய கணத்தில், “இப்போதுதான் விளக்கை அவன் முகத்தில் அடித்தார்கள்” என்றார். 1981இல் வெளிவந்த அந்தப் பாட்டு மணமுறிவின் கசப்பில் பிறந்தது என்றும், வரிகளில் பெரும்பகுதி பாடும்போதே வாயில் வந்தவை என்றும் காலின்ஸே பலமுறை சொல்லியிருக்கிறார். அதைப் படித்த பிறகும், டிரம்ஸ் வரும் இடத்தில் எனக்குத் தெரிவது முன்வரிசையில் வெளிறிப்போன ஒரு முகம்தான்.

இசைத்தட்டுப் பிரியன்:
எனக்கு பீட்டில்ஸ் என்ற ஆங்கில இசைக்குழு. அதன் பாடகர் பால் மெக்கார்ட்னி 1966இல் கார் விபத்தில் இறந்துவிட்டார், இப்போதிருப்பவர் வேறு ஆள் என்ற அதே கதை. ‘ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ முடிவில், அதே குழுவின் ஜான் லெனன் ‘ஐ பரீட் பால்’ (பாலை நான் புதைத்தேன்) என்று முணுமுணுப்பதாக முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் நண்பர் அதைப் போட்டார். எனக்கும் அப்படியே கேட்டது. உண்மையில் லெனன் சொன்னது ‘கிரான்பெர்ரி சாஸ்’. 1996இல் வந்த ‘ஆந்தாலஜி 2’ தொகுப்பில் அது தெளிவாகவே இருக்கிறது. எதுவும் சொல்லாமல் அதே இடத்தை என் மனைவிக்குப் போட்டுக்காட்டியபோது, “யாரோ தூக்கத்தில் உளறுகிறார்” என்றாள். இத்தனையையும் கிளப்பிவிட்டவர் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர வானொலி அறிவிப்பாளர் ரஸ் கிப்.

பின்பக்கம்:
நண்பரே, கிப்பின் தலையில் முழுப் பழியையும் போடுவது நியாயமன்று. அயோவாவிலுள்ள டிரேக் பல்கலைக்கழக மாணவர் இதழ் 1969 செப்டம்பர் 17 அன்றே இவ்வதந்தியைப் பற்றி எழுதிவிட்டது. நேயர் ஒருவர் கிப்பை அழைத்து, ஒளிந்த செய்தி கேட்கும் என்று ‘ரெவல்யூஷன் 9’ என்ற பீட்டில்ஸ் பதிவைப் பின்னோக்கி ஓடவிடச் சொன்னது அக்டோபர் 12இல்தான். கதைக்குக் கைகால் முளைக்கச் செய்தவர் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர் ஃபிரெட் லபோர். பீட்டில்ஸின் ‘ஆபி ரோடு’ தொகுப்புக்கு மதிப்புரை எழுதவேண்டியிருந்த அவர், அந்த நிகழ்ச்சியைக் கேட்டபின், அக்டோபர் 14 அன்று மாணவர் நாளிதழில் பாலின் மரணத்தைப் பற்றி எழுதி, பல தடயங்களை வேடிக்கைக்காகத் தானே இட்டுக்கட்டினார். மாற்று ஆளுக்கு வில்லியம் கேம்பல் என்று பெயர் சூட்டியவரும் அவரே. நவம்பரில் ‘லைஃப்’ இதழ் மெக்கார்ட்னியை அவருடைய ஸ்காட்லாந்துப் பண்ணையில் கண்டு அட்டையில் போட்டும் கதை அடங்கவில்லை.

என் அனுபவம் சிறியது. பழைய புத்தகக் கடையில் ‘ஆபி ரோடு’ அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, முன்பின் அறியாத ஒருவர் எட்டி, பின்னால் நிற்கும் காரின் எண்ணில் ‘28 இஃப்’ (28 ஆனால்) என்று படிக்கும்படி இருப்பதைக் காட்டி, உயிரோடிருந்தால் பாலுக்கு 28 வயது என்றார். தொகுப்பு வந்தபோது பாலுக்கு 27தானே என்றேன். “கருவிலிருந்த மாதங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்றார், சற்றும் சிரிக்காமல்.

கேட்டவன்:
பழி யாருக்கு என்பதில் இருவரும் கலைஞர்களை விட்டுவிட்டீர்கள். ஓஹியோ பிளேயர்ஸ் என்ற அமெரிக்க இசைக்குழுவின் ‘லவ் ரோலர்கோஸ்டர்’ (1975) பாட்டில் கேட்கும் அலறல், பதிவுக்கூடத்தில் கொல்லப்பட்ட பெண்ணுடையது என்று என் அண்ணன் சொல்லி நடுங்கியிருக்கிறேன். அலறியவர் கீபோர்டு வாசித்த பில்லி பெக். இசைத்தட்டு கூடுதலாக விற்கும் என்பதால் மறுக்காமல் வாய்மூடி இருந்தோம் என்று அக்குழுவின் டிரம்ஸ் கலைஞர் பின்னாளில் சொன்னார்.

விடுதிவாசி அவர்களே, நீங்கள் கேட்காவிட்டாலும் ஒன்று சொல்கிறேன். இத்தகைய கதையை உங்களிடம் சொல்பவரிடம், இது முதலில் எந்த ஆண்டில், எங்கே அச்சானது என்று கேளுங்கள். பாட்டு வந்து வெகுகாலம் கழித்தே கதை தலைகாட்டியிருந்தால் அங்கேயே ஐயம் கொள்ளலாம். அடுத்து, சொல்லுக்குச் சொல் ஒரே கதை வேறு பாடகர் பெயரில் உலவுகிறதா என்று தேடுங்கள். ‘இன் தி ஏர் டுநைட்’ கதையிலேயே காலின்ஸ் கண்ணால் பார்த்தார், கேள்விப்பட்டார் என்று வடிவங்கள் பல. 2000இல் ராப் பாடகர் எமினெம் ‘ஸ்டான்’ பாட்டில் அதைக் குறிப்பிட்டபின் புதிய தலைமுறையிடமும் போய்ச் சேர்ந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, இசைத்தட்டுப் பிரியன் தம் மனைவியிடம் செய்ததைச் செய்யுங்கள்: எதுவும் சொல்லாமல் முதலில் ஓடவிட்டு, கேட்டதை எழுதித்தரச் சொல்லுங்கள், கதையைப் பிறகு சொல்லுங்கள்.