வயதான தம்பதி சேர்ந்து தங்க சென்னையில் காப்பகம் உண்டா?

எழும்பூர் ரயில் நிலையம் பக்கத்து நடைபாதையில் வயதான கணவன் மனைவி மூன்று வாரமாகப் படுத்திருக்கிறார்கள். வாடகை கட்ட முடியாமல் வீட்டைக் காலி செய்தவர்கள். ஐயாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். சர்க்கரை, வலது காலில் ஆறாத புண். அம்மாவுக்குப் பார்வை மங்கல். ஆதார் அட்டை அம்மாவிடம் மட்டும்தான் இருக்கிறது.

மாநகராட்சியின் 1913-க்கு அழைத்தேன். ஆட்கள் வந்து பொறுமையாகத்தான் பேசினார்கள். ஆனால் அவர்கள் சொன்ன காப்பகங்களில் ஒன்று ஆண்களுக்கு, மற்றது பெண்களுக்கு. "நாற்பது வருஷமா ஒண்ணா இருக்கோம், ராத்திரியில இவரை யாரு பாத்துப்பா?" என்று அம்மா வர மறுத்துவிட்டார். அவர் கேட்பது நியாயம். முதியோர் உதவி எண் 14567-லும் பேசினேன். பிறகு இரண்டு முதியோர் இல்லங்களில் விசாரித்தேன்: ஒன்றில் இடமில்லை, இன்னொன்றில் மாதக் கட்டணம். அரசு மருத்துவமனையில் புண்ணுக்குக் கட்டு மாற்றி வருகிறோம், ஆனால் தரையில் படுத்தால் எங்கே ஆறும்? நேற்று மழை வேறு.

மத்திய அரசுத் திட்டமான தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் விதிகளில் குடும்பங்களுக்கான காப்பகத்துக்கும் இடமிருந்தது. அப்படி இருவரையும் பிரிக்காமல், இலவசமாகச் சேர்த்துக்கொள்ளும் காப்பகம் சென்னையில் எந்தப் பகுதியில் இயங்குகிறது, யாரைப் போய்ப் பார்க்க வேண்டும்?