மஞ்சள் படிந்த 20 பைசா: காசு அறுக்கறவங்க அனுபவம் பகிருங்க

வெண்ணாற்றங்கரை:
மூணு வாரமா மனசு ஆறல, அதான் எழுதறேன். ஒரு பையன் 20 பைசா கொண்டாந்தான். அதான், 1970 வாக்குல வந்த மஞ்சள் தாமரைக் காசு. தாமரையையும் விளிம்பையும் விட்டுட்டு மத்ததெல்லாம் அறுத்து எடுத்து டாலர் ஆக்கணும், அம்மாவுக்குப் பொறந்தநாளாம். காசு மேல ஏதோ அப்பியிருந்துது. அழுக்குன்னு நெனச்சு புளி போட்டுத் தேய்ச்சேன். பிளைவுட்ல ஒட்டி, துளை போட்டு, ஸ்க்ரோல் சா மிஷின்ல (மெல்லிசு பிளேடு மேலயும் கீழயும் ஓடி அறுக்கற மிஷின்) ரெண்டு மணி நேர வேலை. நல்லாவே வந்துது.

மறுநாள் சாயங்காலம் அம்மாவையும் கூட்டிட்டு வந்துட்டான். அவங்க டாலரை உள்ளங்கையில வெச்சுப் பாத்துட்டே நின்னாங்க. கோவமே இல்ல. "இது வைத்தீஸ்வரன் கோயிலுக்கு எங்க மாமியார் முடிஞ்சு வெச்ச காசு தம்பி. செலுத்தாமயே போயிட்டாங்க"ன்னாங்க. நான் தேய்ச்சது அழுக்கு இல்ல, முடிச்சுத் துணியோட மஞ்சள். அப்புறம் தரையச் சுத்திப் பாத்துட்டு, "மிச்சம் எங்கப்பா?"ன்னு கேட்டாங்க. பெருக்கித் தள்ளிட்டேன்னு சொல்ல வாய் வரல.

குத்தாலம் பட்டறை:
கஷ்டமா இருக்கு சார். எனக்கு நடந்தது வேற. 1992-க்கு அப்புறம் வந்த எஃகு ஒரு ரூபாய். பிளேடு மேல ஏறும்போது காசையும் சேத்துத் தூக்கி படார்னு அறைஞ்சுது. ஒடஞ்ச நுனி மூக்குக்கண்ணாடியில தெறிச்சு, கருவிழிக்கு நேரா ஒரு கீறல். அந்தக் கண்ணாடிய இன்னும் மாத்தல.

புதுசா வர்றவங்களுக்குச் சொல்றேன். காசோட கனத்துக்குள்ள எப்பவும் ரெண்டு மூணு பல்லாவது இருக்கணும், இல்லாட்டி பல்லு மாட்டி பிளேடு ஒடையும். பிளேடு நம்பர் 2/0-க்கு மேல தடிமன் வேண்டாம். நெளிவு அதிகம்னா இன்னும் மெல்லிசான 4/0. பல் முனை கீழ்நோக்கி இருக்கான்னு விரல வெச்சுத் தடவிப் பாருங்க. இழுத்துக் கட்டின பிளேடச் சுண்டினா வீணைத் தந்தி மாதிரி ணங்குனு கேக்கணும், மொத்துனு கேட்டா இன்னும் முறுக்குங்க. பஞ்ச் வெச்சுத் தட்டி சின்னக் குழி பண்ணாம துளை போடாதீங்க, டிரில் வழுக்கி உருவத்து மேல கோடு போட்டுடும். அடிக்கடி தேன்மெழுகுல பிளேடத் தேய்ச்சுக்குங்க. மிஷின் வேகத்தக் கொறச்சு வெச்சு, காசத் தள்ளாம பிளேடு தின்னற அளவுக்கு மட்டும் குடுங்க. முகக்கவசம் கண்டிப்பா போடுங்க, அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. பழைய வெள்ளை ஒரு ரூபாயில நிக்கல் இருக்கு, செல பேருக்குக் கழுத்துல அரிப்பு வரும். கேட்டுட்டுப் போடுங்க.

மாயூரத்தான்:
பட்டறை அண்ணே, அவர் பிளேடு பத்திக் கேக்கல. அந்தம்மா கேட்டதுக்குப் பதில் சொல்ல முடியாமத் தவிக்கறார்.

என்னோடது தரங்கம்பாடி. மீன்காரர் வீட்டுப் பையன், கரையில கெடச்சுதுன்னு பச்சை பூத்த செப்புக்காசு ஒண்ணு குடுத்தான். கழுத்துல கட்டிக்கத் துளை வேணும்னான். போட்டுட்டேன். எண்ணெய் தொட்டுத் தொடச்சப்பதான் கிரீடமும் அதுக்குக் கீழ எழுத்துப் பின்னலும் தெரிஞ்சுது. டேனிஷ்காரங்க காசு. 1620-லேர்ந்து 1845-ல இங்கிலீஷ்காரங்களுக்கு விக்கற வரைக்கும் அவங்க ஊர் அது. என் துளை சரியா கிரீடத்து நடுவுல. பையன் சந்தோஷமா ஓடிட்டான். இன்னொரு தடவ தொடச்சுப் பாத்துட்டு டிரில் எடுத்திருக்கலாமேன்னு இன்னிக்கும் தோணுது.

கீழவாசல்:
மாயூரத்தான் அவர்களே, நூறு ஆண்டு கடந்த நாணயம் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதில் துளையிட்டதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறீர்களே. குத்தாலம் நண்பருக்கும் ஒன்று. 2011 நாணயச் சட்டப்படி காசை உருக்குவதும் அழிப்பதும் குற்றம், 7 ஆண்டு வரை சிறை. கையில் புழங்கும் ஒரு ரூபாயை அறுக்க இத்தனை பேருக்குப் பாடம் நடத்தலாமா? 25 பைசாவும் அதற்குக் கீழானவையும் 2011 ஜூன் 30-உடன் செல்லாமல் போயின. அவற்றை அறுப்பதாக இருந்தாலும் ஒரு வக்கீலைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

நானும் ஒருமுறை தொட்டேன். பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டு நினைவாக 2010-ல் வந்த ஐந்து ரூபாய். விமானத்தை மட்டும் தனியே எடுக்க நினைத்து, துளை போட்டு, பிளேடை மாட்டினேன். கால் அங்குலம்கூட அறுக்கவில்லை. சன்னல் வழியே அதே விமானம் தெரிந்தது. நிறுத்திவிட்டேன். அந்தக் காசு துளையோடு மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

குடமுருட்டி அக்கா:
சட்டம் இருக்கட்டும் சார். வெண்ணாற்றங்கரை தம்பி, எங்க வீட்லயும் முடிச்சுக் காசு ஒண்ணு தொலைஞ்சுது. எங்கம்மா புது மஞ்சத்துணியில வேற காசு முடிஞ்சு, தையல்நாயகிகிட்ட தப்புக்கு மன்னிப்புக் கேட்டுட்டு உண்டியல்ல போட்டாங்க. அந்த டாலரையே கொண்டுபோய்ப் போடச் சொல்லுங்க, அதுவும் காசுதான். நீங்களும் கூடப் போங்க. அவங்க கோவப்படலன்னு எழுதியிருக்கீங்களே, அப்ப கூப்புட்டா வருவாங்க.

வெண்ணாற்றங்கரை:
அக்கா, போன் பண்ணினேன். தை பொறந்ததும் போறாங்களாம், என்னையும் வரச் சொன்னாங்க. டாலரோட மிச்சத்தையும் சேத்து முடியணுமாம்.

குப்பை போயிடுச்சு. ஆனா நேத்து ராத்திரி மிஷினத் தூக்கிப் பாத்தேன். மேசைக்கும் இரும்புக்கும் இடுக்குல பிளைவுட் தூளோட மஞ்சளா மினுக்குனுச்சு. பிரஷ்ஷால கூட்டி வெள்ளைப் பேப்பர்ல கொட்டினேன். மொத்தம் ஒம்பது துண்டு அறுத்திருந்தேன், ஆறு கெடச்சிருக்கு. ஒண்ணுல மட்டும் புளி படாம ஓரத்துல மஞ்சள் அப்படியே ஒட்டிட்டு இருக்கு. மூணு இன்னும் கெடைக்கல. நாளைக்குப் பகல் வெளிச்சத்துல மோட்டார் மூடியக் கழட்டிப் பாக்கணும்.