தெருவுக்குத் திரும்பும் நாய்க்குக் கருத்தடை அறுவை: சென்னைக் காப்பகங்களில் வேலை செய்பவர்கள் பகிர்வது

அறுவை மருத்துவர், தென்சென்னை

வீட்டு நாய் என்றால் பத்தாம் நாள் தையலைக் காட்ட ஓனரே ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வருவார். தெரு நாயை விட்டுவிட்டால் அவ்வளவுதான், மறுபடி கையில் சிக்காது. எந்த நூல், எந்தப் பக்கம் வெட்டு, எத்தனை முடிச்சு என்பதையெல்லாம் காப்பகத்தில் இதை வைத்துத்தான் முடிவு செய்கிறோம். 1964-ல் விலங்கு நல அமைப்பான ப்ளூ கிராஸ் தொடங்கி, 1996-ல் மாநகராட்சியும் கையில் எடுத்த வேலை இந்தத் தெரு நாய்க் கருத்தடை. இத்தனை வருடம் ஆகியும் புதிதாகச் சேரும் டாக்டர்கள் தடுமாறும் இடங்கள் மாறவில்லை.

முதல் தடுமாற்றம் எடை. கண்ணால் பார்த்து "பதினாறு கிலோ இருக்கும்" என்று மயக்க மருந்தை ஏற்றுவது. முடி அடர்ந்த 11 கிலோ நாய்க்கு 16 கிலோ அளவு போனால் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. சைலசின் கிலோவுக்கு 1 மி.கி. தசையில் போட்டாலே இதயத்துடிப்பு இறங்கும். கூடுதலாகப் போனால் ஈறு வெளுத்து மூச்சு மந்தமாகிவிடும். கூண்டோடு எடை போட்டு, காலிக் கூண்டின் எடையைக் கழித்தால் அரை நிமிட வேலை. பிறகு ரத்த நரம்பில் கீட்டமின் 5 மி.கி., டயசிபாம் 0.25 மி.கி., இரண்டும் கிலோவுக்கு. நரம்பில் செருகிய கேன்யுலாக் குழாயைக் கடைசி வரை எடுக்கவே கூடாது. சிக்கல் வரும் நேரத்தில் நரம்பு கிடைக்காது.

பெட்டைக்கு எங்கள் பக்கம் பெரும்பாலும் வலது விலாவில்தான் வெட்டு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் 3 செ.மீ. போதும். மூன்று தசை அடுக்கையும் வெட்டாமல் நார் ஓடும் திசையில் பிரித்துக்கொண்டே போகலாம். வலது சினைப்பை இடதைவிட முன்னால் தள்ளி, ஆழத்தில் இருப்பதால் அந்தப் பக்கமே நுழைவது வசதி. விட்ட பிறகு தள்ளி நின்றே காயம் எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம். தையல் விட்டாலும் குடல் சரிந்து வெளியே வரும் ஆபத்து குறைவு. பால் மடி பெருத்திருந்தாலும் இடைஞ்சல் இல்லை. சினை நாய், கருப்பையில் சீழ் கட்டிய நாய், கொழுத்த நாய் இவற்றுக்கு மட்டும் நடுவயிறுதான். பிடிவாதமாக விலாவிலேயே போகக் கூடாது.

முதுகலை மாணவர், வேப்பேரி

டாக்டர், விலா வெட்டில் இடது சினைப்பைக் காம்பு (ரத்தக்குழாய் ஓடும் தண்டு) நழுவி உள்ளே போய்விட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுங்கள். அங்கேதான் எல்லோருக்கும் கை நடுங்குகிறது.

அறுவை மருத்துவர், தென்சென்னை

நழுவாமல் பார்ப்பதுதான் முதல் வேலை. கட்டு போட்டதும் காம்பைச் சட்டென்று உள்ளே விடாமல், சிறிய ஃபோர்செப்ஸால் ஓரத்தைப் பிடித்தபடி, இழுவையைத் தளர்த்திப் பார்க்க வேண்டும். இழுத்துப் பிடித்திருக்கும்வரை ரத்தம் வராது, தளர்த்தினால்தான் குட்டு வெளிப்படும். அதையும் மீறி நழுவினால் ரத்தக் குளத்துக்குள் கண்ணை மூடிக்கொண்டு கிளாம்ப் போடாதீர்கள், சிறுநீர்க்குழாய் மாட்டிக்கொள்ளும். நாயை மல்லாத்தி நடுவயிற்றைத் தாராளமாகத் திறங்கள். வலது காம்பென்றால் முன்சிறுகுடலைப் பிடித்து இடப்பக்கம் ஒதுக்குங்கள். அதன் சவ்வு மற்ற குடலையெல்லாம் தடுத்துக்கொள்ளும், சிறுநீரகத்துக்குப் பின்னால் காம்பு தெரியும். இடது என்றால் இறங்கு பெருங்குடலை வலப்பக்கம் ஒதுக்குங்கள்.

இப்படி நழுவுவதற்குப் பாதிக் காரணம் நூல். விலங்குக் குடலில் செய்யும் கேட்கட் மலிவுதான், ஆனால் ஈரத்தில் ஊறி உப்பும், முடிச்சு நெகிழும். அதைத்தான் கொடுக்கிறார்கள் என்றால் நான்கு சுற்று போட்டு நுனியைக் கொஞ்சம் நீளமாக விடுங்கள். செயற்கைக் கரையும் நூலான பாலிகிளாக்டின் 910 மூன்று வாரத்திலும் ஏறக்குறைய பாதி பலத்தோடு நிற்கும். தோலுக்கு வெளியே தெரியும் தையலே வேண்டாம். தோலடியில் கரையும் நூலால் தைத்து, கடைசி முடிச்சையும் உள்ளே புதைத்துவிடுங்கள். வெளியே நூல் நுனி தெரிந்தால் நாய் நக்கியே பிரித்துவிடும்.

கடுவனுக்கு விதைப்பைக்கு முன்னால் ஒரே வெட்டு, பத்து நிமிட வேலை. விதைப்பையின் மேல் சவரக் கத்தி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த எரிச்சலில் நக்க ஆரம்பித்துதான் பாதி வீக்கம் வருகிறது.

ஆய்வகமும் வார்டும் பார்ப்பவர், வடசென்னை

நூலும் முடிச்சும் சரியாக இருந்தும் ரத்தம் நிற்கவில்லையா? சென்னையில் முதலில் உண்ணிக் காய்ச்சலைச் சந்தேகப்படுங்கள். எர்லிக்கியா கிருமி பழுப்பு உண்ணி வழியாக ஏறி, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களைக் குறைத்துவிடும். நாய் வாலாட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கும். மேசையில் ஏற்றுவதற்கு முன் ஈறில் ஊசிமுனை அளவு சிவப்புப் புள்ளிகள், வயிற்று முடியை மழித்த இடத்தில் ஊதாத் திட்டு, கேன்யுலா குத்திய இடத்தில் விடாத கசிவு, இவற்றைப் பாருங்கள். கருத்தடை ஆனதைக் காட்டக் காதில் போடும் 'வி' வடிவ அடையாள வெட்டை அறுவைக்குப் பின் போடாமல், மயங்கியதும் முதலிலேயே போடுங்கள். ஐந்து நிமிடம் அழுத்தியும் அது நிற்கவில்லை என்றால் வயிற்றைத் திறக்காதீர்கள். தட்டணு ஒரு லட்சத்துக்குக் கீழே இருந்தால் தள்ளிப்போட்டு, டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் கிலோவுக்கு 10 மி.கி. வீதம் 28 நாள்.

பிறப்புறுப்பில் காலிஃபிளவர் மாதிரி ரத்தம் கசியும் கட்டி (அதுவும் இங்கே ஏராளம்) கத்திக்கு உரியதல்ல, வெட்டினால் பெரும்பாலும் திரும்ப வளரும். புற்றுநோய் மருந்தான வின்கிரிஸ்டின் கிலோவுக்கு 0.025 மி.கி., வாரம் ஒரு முறை, நான்கிலிருந்து ஆறு வாரம். ஒவ்வொரு முறையும் வெள்ளையணு எண்ணிக்கை பார்த்து, 4,000-க்குக் கீழே போனால் அந்த வாரம் விட்டுவிட வேண்டும். ஒரு சொட்டு நரம்புக்கு வெளியே கசிந்தாலும் காலில் சதை அழுகி உதிரும், அதனால் சலைன் ஓட்டிப் பார்த்த பிறகே மருந்து. இதற்காக ஒரு மாதம் அடைத்துவைத்த நாய்க்கு வார்டில் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் தொற்றும், அதுதான் எங்களுக்குப் பெரிய தலைவலி. தடுப்பூசி போட்டுத் தனிக்கூண்டு கொடுக்க வசதியில்லாத காப்பகம் இந்த சிகிச்சையைத் தொடங்காமல் இருப்பதே மேல்.

நாய் பிடிக்கும் வண்டியில் இருப்பவர்

டாக்டருங்க மேசையைப் பத்தி நல்லாச் சொல்லிட்டீங்க. வண்டியிலயே கெட்டுப்போற விஷயமும் இருக்குங்க. சென்னையில பிள்ளையார் கோயில் தெரு எத்தனை இருக்குன்னு யாருக்கும் கணக்கு தெரியாது. தெருப் பேரை மட்டும் எழுதினா வேற ஏரியாவுல விட்டுருவாங்க. அங்க இருக்கிற நாய்ங்க கூடிக் கடிச்சு, புதுத் தையலைப் பிரிச்சுப் போட்டுரும். வார்டு நம்பர், ரேஷன் கடையோ பால் பூத்தோ ஒரு அடையாளம், கழுத்துல டோக்கன், இந்த மூணும் வேணும். பிடிச்ச இடத்துலயே விடணும்னு 2023 விலங்குக் கருத்தடை விதியிலயும் இருக்கு.

பெட்டையோட காம்பு நீண்டு பால் சுரந்தா, பக்கத்துல குட்டி இருக்கான்னு டீக்கடையில கேட்டுட்டுத்தான் வலை வீசணும். அப்புறம், வாய் தொங்கி எச்சில் வடியுற நாய்க்கு "தொண்டையில எலும்பு சிக்கியிருக்கு"ன்னு ஃபோன் வரும். யாரும் கையை உள்ள விடாதீங்க. அது முடக்கு வகை வெறிநோயாவும் இருக்கலாம். வண்டியில ஏறுற ஆள் எல்லாரும் 0, 7, 21-ஆம் நாள் தடுப்பூசி முன்கூட்டியே போட்டிருக்கணும். போட்டிருந்தாலும் கடிபட்டா கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவிட்டு, மறுபடி ரெண்டு ஊசி.

தியேட்டர் உதவியாளர்

ஒரு நாய்க்கு ஒரு செட் கருவி. துணி சுற்றிய பொட்டலத்துக்கு ஆட்டோகிளேவில் 121 டிகிரி, 30 நிமிடம். ஸ்பிரிட்டில் முக்கி எடுத்து அடுத்த நாய்க்குக் கொடுப்பதை அனுமதிக்காதீர்கள், எவ்வளவு நெரிசலாக இருந்தாலும். பஞ்சுத்துணி பத்துப் பத்தாகக் கட்டி, வயிற்றை மூடும் முன் ஒருவர் உரக்க எண்ண வேண்டும். ரத்தத்தில் நனைந்த துணி குடலுக்கு நடுவே கண்ணுக்கே தெரியாது.

வெப்பத்தைப் பற்றி ஒரு குழப்பம் இருக்கிறது. கத்திரி வெயில் காலத்திலும் ஏசி அறையில், ஸ்பிரிட் தடவிய வயிறோடு, இரும்பு மேசையில் படுத்த நாய் குளிர்ந்துதான் போகும். அடியில் போர்வை போடுங்கள். அதே நாயைத் தகரக்கூரை வார்டுக்கு மாற்றிய அரை மணியில் கதை தலைகீழ். மயக்கம் தெளியாத உடலால் சூட்டைக் கட்டுப்படுத்த முடியாது. இயல்பு 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட். 104 தாண்டினால் பாதத்திலும் தொடையிடுக்கிலும் சாதாரணத் தண்ணீர், மேலே மின்விசிறி. ஐஸ் வேண்டாம். 103-க்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள், அதற்குமேல் தானாகவே இறங்கும்.

முதுகலை மாணவர், வேப்பேரி

மழைக்காலத்தில் அறுவை முடிந்து நான்கு நாளில் நாயை விட்டுவிடலாமா?

அறுவை மருத்துவர், தென்சென்னை

நான்கு நாள் என்பது குறைந்தபட்சம். தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றால் வடியும்வரை வைத்திருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அறுவை எண்ணிக்கையை முன்கூட்டியே குறைத்தால்தான் அதற்குக் கூண்டு மிஞ்சும்.