எலியை விடுவித்த எலி: பரிவா, தன் தவிப்பா?

வெண்ணிலவன்:
விலங்குகளுக்கு இன்னொன்றின் வேதனை எட்டாது, எல்லாம் நம் கற்பனை என்கிறவர்கள் 2011இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனையைப் பார்க்க வேண்டும். குறுகிய கண்ணாடி போன்ற குழாயில் ஓர் எலியை அடைத்தார்கள். அதோடு ஒரே கூண்டில் இருந்த எலியை வெளியே விட்டார்கள். கதவு வெளியிலிருந்துதான் திறக்கும். யாரும் சொல்லித்தரவில்லை. வெளியே இருந்தது குழாயைச் சுற்றிச் சுற்றி வந்தது, கடித்தது, முட்டியது, நாள் போகப்போகத் திறக்கவே கற்றுக்கொண்டது. 30 எலிகளில் 23 கற்றன. பக்கத்துக் குழாயில் சாக்லேட் வைத்தபோது இரண்டையும் திறந்தன. ஐந்து சாக்லேட் துண்டில் சராசரியாக ஒன்றரையைக் கூட்டாளி தின்றது. தனியாக இருந்த எலிகள் மிச்சம் வைக்கவில்லை.

ஆதாரமெங்கே:
சோதனை நல்ல சோதனைதான், முடிவில்தான் எனக்குத் தகராறு. எலி கூட்டமாக வாழும் பிராணி. துணை வேண்டித் திறந்திருக்கலாமே? 2014இல் சில்பர்பெர்க் என்ற ஆய்வாளரின் குழு, விடுபடும் எலி வேறு அறைக்குப் போகும்படி முதலிலிருந்தே அமைத்துப் பார்த்தது. திறக்கும் ஆர்வம் வெகுவாகக் குறைந்தது. அப்புறம், நைலான் இழையில் மாட்டிய தன் புற்று எறும்பை மற்ற எறும்புகள் மணலைத் தோண்டி, இழையைக் கடித்து மீட்பதையும் 2009இல் பதிவு செய்திருக்கிறார்கள். எறும்புக்கும் இரக்கம் என்று சொல்வீர்களா? உதவி நடந்தது என்பதை வைத்து உள்ளே என்ன இருந்தது என்று சொல்லிவிட முடியாது.

கொட்டில்காரி:
நான் மாடு வைத்திருப்பவள். ஊசி போட டாக்டர் வந்து ஒரு மாட்டைப் பிடித்துக் கட்டினால், அடுத்த கட்டுத்தறியில் நிற்பதன் காது விறைக்கும், கண்ணில் வெள்ளை தெரியும், அசை போடுவது சட்டென்று நின்றுவிடும். அதை யாரும் தொட்டிருக்கக்கூட மாட்டார்கள். மிரண்ட மாட்டின் மூத்திர வாடைக்கே மற்ற மாடுகள் கூடுதலாக மிரளும் என்று 1998இல் வெளியான ஆய்வும் சொல்கிறது. பயம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது தம்பி, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஆதாரமெங்கே:
அக்கா, பயம் தொற்றுகிறது என்பதை நான் மறுக்கவே இல்லை. தொற்றிய பிறகு அது யாருக்காகச் செயல்படுகிறது என்பதுதான் என் கேள்வி. 2016இல் அதே எலிச் சோதனையில் மிடாசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். மருந்து ஏறிய எலி சாக்லேட் குழாயைத் திறந்தது, கூட்டாளியைத் திறக்கவில்லை. தன் பதற்றம் அடங்கியதும் மற்றதன் நிலை அதற்குப் பொருட்டாக இல்லை. அப்படியென்றால் அது தீர்த்துக்கொண்டது தன் தவிப்பைத்தானே?

வெண்ணிலவன்:
அந்தத் தவிப்பு யாரால் வந்தது? அடைபட்டது வேறு எலி. அதைப் பார்த்து இதன் உடம்பு பதறுகிறது. அந்தப் பதற்றம் இல்லாவிட்டால் உதவியும் இல்லை. எனக்கு இது பரிவுக்கு எதிரான சான்றாகவே தெரியவில்லை, அது எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற சான்று. பிரெய்ரி வோல் என்ற புல்வெளி எலியையும் பாருங்கள். ஜோடி அதிர்ச்சி பட்டு வந்தால் மற்றது போய் நக்கிக் கொடுக்கிறது, அதன் அழுத்த ஹார்மோனும் சேர்ந்து ஏறுகிறது. மூளையின் முன் சிங்குலேட் பகுதியில் ஆக்சிடோசின் என்ற பிணைப்பு ஹார்மோனைத் தடுத்தால் நக்குவது நின்றுபோகிறது. எமரி பல்கலைக்கழகத்தில் கண்டார்கள், 2016. தன் வேதனையை மட்டும் தீர்க்க நினைக்கும் பிராணி மூலைக்கு ஓடும், வேதனையின் பக்கத்தில் போய் உட்காராது.

ஆதாரமெங்கே:
மூலைக்கு ஓட வழி கொடுத்தும் பார்த்திருக்கிறார்கள். 2019இல் வெளியான ஆய்வு. எலிகளுக்குப் பிடித்த இருட்டறை ஒன்றைப் பக்கத்தில் வைத்தார்கள். அந்த வசதி இருந்தவை கூட்டாளியைத் திறக்கக் கணிசமாக அதிக நேரம் எடுத்துக்கொண்டன. உள்ளே இருந்தது எவ்வளவு திமிறியது என்பதும் திறக்கும் வேகத்தை மாற்றவில்லை.

வெண்ணிலவன்:
அதே ஆய்வில் இருட்டறை இருந்தும் ஒன்றைத் தவிர எல்லா எலிகளும் திறக்கக் கற்றன. அதை விட்டுவிட்டீர்கள்.

ஆதாரமெங்கே:
விடவில்லை. அந்த எண்ணுக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் திமிறல் ஏன் வேகத்தைக் கூட்டவில்லை என்பதற்கு உங்களிடம் இருக்கிறதா?

கொட்டில்காரி:
என் மாட்டிடம் கேட்டால், கட்டு அவிழ்த்ததும் ஊசி போட்ட மாட்டின் கழுத்தைத்தான் அது முதலில் நக்கும். அதை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள், இரண்டு பேரும் சொல்லுங்கள்.